திங்கட்கிழமை மட்டும் மூழ்கிய பஞ்சு

1. மேஜை மேல் ஒரு வாளி

தொண்ணூற்றொன்றாம் வருடம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை. லேபுக்குள் நுழைந்தபோது என் மேஜை மேல் பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது. பாதி வரை தண்ணீர், அதன் மேல் கறுப்பாக ஓர் ஏடு. பழைய இன்ஜின் ஆயில் என்று வாசனையே சொன்னது. வாளிக்குப் பக்கத்தில் எங்கள் எம்.டி. நாகராஜன் சார் கையில் மடித்த செய்தித்தாளோடு நின்றுகொண்டிருந்தார்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த எங்கள் கம்பெனி, நெய்யாமல் இழைகளை அழுத்தியே ஃபெல்ட் துணி செய்யும் சின்ன கம்பெனி. சிமென்ட் ஆலைகளில் தூசி பிடிக்கும் பைகளுக்கு அந்தத் துணி போகும். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு எண்பத்தேழில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் மின்சார ரயிலில் பட்டரவாக்கம் வந்து, அங்கிருந்து நடந்து வருவேன். துணியின் எடை, கனம், அதன் வழியே காற்று எவ்வளவு போகிறது என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவேன். நாலு வருடமாக இதுதான் வேலை. குழப்பத்துக்கு அதில் இடமே இல்லை.

எம்.டி. செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினார். வளைகுடாப் போர் முடிந்திருந்த நேரம். கடலில் கொட்டிய எண்ணெயில் நனைந்து, இறக்கையைத் தூக்க முடியாமல் ஒரு பறவை நின்றுகொண்டிருந்தது.

"பாத்தியா சுலோச்சனா? இந்த எண்ணெயை எடுக்குறதுக்கு வெளிநாட்டுல ஒரு மெட்டீரியல் விக்கிறான். நம்ம துறைமுகத்துலயும் கேக்குறாங்க. நாம ஏன் பண்ணக் கூடாது?"

"என்ன பண்ணணும் சார்?"

"எண்ணெயைக் குடிக்கணும். தண்ணியைக் குடிக்கக் கூடாது. குடிச்ச அப்புறமும் மிதக்கணும். இவ்வளவுதான்."

இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வாளியைப் பார்த்தபடி நின்றேன். எனக்குத் தெரிந்த துணி எல்லாமே எதைக் கொட்டினாலும் குடிக்கும். ஒரு துண்டு ஃபெல்ட்டை வெட்டிப் போட்டேன். கொஞ்சம் எண்ணெயையும் நிறையத் தண்ணீரையும் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கதவருகே சிரிப்புச் சத்தம். பஞ்சு பிரிக்கும் செக்‌ஷன் ஆபரேட்டர் ஏகாம்பரம். மேனாம்பேட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

"இன்னா தங்கச்சி இது? எது எண்ணெ, எது தண்ணின்னு பாக்குறதுக்குத் துணிக்கு இன்னா கண்ணா கீது?"

2. தலையணை

அடுத்த இரண்டு மாதம் கையில் கிடைத்ததை எல்லாம் எண்ணெயில் போட்டேன். பூந்தமல்லி ரைஸ் மில்லிலிருந்து உமி வந்தது, மரப்பட்டறையிலிருந்து மரத்தூள் வந்தது, தென்னை நார்த்தூள் சாக்கில் வந்தது. உமி மிதந்தது, ஆனால் எண்ணெய் எடுக்கவில்லை. நார்த்தூள் எண்ணெய் எடுத்தது, ஆனால் மூழ்கியது. பருத்தி வேஸ்ட்டோ இரண்டையும் ஒரே ஆசையோடு குடித்தது.

டெஸ்ட் செய்யும் முறையை நானே வகுத்துக்கொண்டேன். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் எண்ணெய் விடுவேன். கம்பி வலைக் கூடையில் சாம்பிளை வைத்துத் தொட்டியில் இறக்கி, பத்து நிமிடம் ஆட்டிவிட்டு, தூக்கி வடியவிட்டு எடை போடுவேன். பிறகு பிழிந்து, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணீர் என்று அளப்பேன். கடல் தண்ணீரை வேன் டிரைவர் கேன்களில் கொண்டுவருவார்.

ஒரு நாள் ஏகாம்பரம் தன் வீட்டுத் தலையணையையே அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"எலவம் பஞ்சு. தண்ணில மெதக்கும். நானு சின்னப் புள்ளைல இத்தக் கட்டிகினுதான் ஏரில நீச்சல் கத்துகினேன். எண்ணெ குடிக்குமான்னு நீ பாரு."

தையலைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துக் கூடையில் வைத்தேன். தொட்டியில் இறக்கிய மறு நிமிடம் பஞ்சைச் சுற்றியிருந்த கறுப்பு ஏடு உள்ளே இழுபட்டுக்கொண்டு போனது. பத்து நிமிடத்தில் தொட்டியின் நடுவில் தண்ணீர் தெளிந்து தெரிந்தது. பஞ்சு கறுப்புக் கட்டியாகி மிதந்தது. எடை போட்டால் தன் எடையைப் போல இருபது மடங்குக்கு மேல். பிழிந்ததில் தண்ணீர் சில சொட்டுகள்தான்.

பிறகுதான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இலவம் பஞ்சின் இழை உள்ளே வெற்றுக் குழாய் மாதிரி இருக்கும். மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு. மெழுகு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைச் சேர்க்கும்.

ஏகாம்பரம் இலவம் பஞ்சைக் கொட்டையும் தூசியும் இல்லாமல் பிரித்துக் கொடுத்தார். அதை இரண்டு மெல்லிய செயற்கை இழைத் துணிகளுக்கு நடுவில் பரப்பித் தைத்தோம். ஃபைலில் அதற்குப் பெயர் பேட். செக்‌ஷனில் எல்லோரும் மெத்தை என்றார்கள்.

எம்.டி. முதல் மெத்தையைத் தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு ஏகாம்பரத்தின் முதுகில் தட்டினார். "உன் தலையணைக்கு நான் புதுசு வாங்கித் தரேன்யா."

3. ரிசல்ட் மாறியது

குழப்பம் ஜூலையில் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை நான் போட்ட மூன்று மெத்தைகளும் மூழ்கின. பிழிந்தால் முக்கால்வாசி தண்ணீர். செவ்வாய்க்கிழமை போட்டவை மிதந்தன. புதன், வியாழன் எல்லாம் அருமை. அடுத்த திங்கள் மறுபடி மூழ்கின.

நான் சந்தேகப்படாத பொருள் இல்லை. ஞாயிறு முழுக்க லேப் பூட்டிக் கிடப்பதால் ஈரம் ஏறுகிறதோ என்று சாம்பிளை அடுப்பில் காயவைத்தேன். கேனில் கடல் தண்ணீர் பழசாகிறதோ என்று திங்கட்கிழமை காலையே புதுத் தண்ணீர் வரவழைத்தேன். ஆயிலை மாற்றினேன். தராசைச் சரிபார்த்தேன். ரிசல்ட் எதற்கும் அசையவில்லை. படித்தவள் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்று டெஸ்ட்டை ஒன்பதரைக்குத் தள்ளி வைத்துக்கூடப் பார்த்தேன். ஒன்பதரைக்கும் மூழ்கின.

எம்.டி. ரெஜிஸ்டரைப் புரட்டினார். திங்கட்கிழமை டெஸ்ட்டுக்கு வரும் மெத்தைகள் சனிக்கிழமை பிரித்த பஞ்சில் செய்தவை. சனிக்கிழமை அரை நாள் ஷிஃப்ட்.

"அவசரத்துல வீட்டுக்கு ஓடுறதுக்கு எதையோ கலக்குறான். மெஷின்ல கிடக்குற பருத்தி வேஸ்ட்டைச் சேர்த்து ஓட்டிடுறான் போல."

"ஏகாம்பரம் அண்ணன் அப்படிச் செய்வாரா சார்?"

"நீ வேற காரணம் சொல்லு, கேக்குறேன்."

என்னிடம் வேறு காரணம் இல்லை. துறைமுகத்தில் டிரையல் வைக்கத் தேதி கேட்டிருந்தார்கள். ரிசல்ட் மாறுவதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் எம்.டி. நான் எழுதினேன்: 'சனிக்கிழமைகளில் பிரிக்கப்படும் பஞ்சில் அந்நிய இழை கலந்திருக்கலாம். குறை, பஞ்சு பிரிக்கும் கட்டத்தில் உள்ளது.' கீழே கையெழுத்துப் போட்டேன். 'கலந்திருக்கலாம்' என்று எழுதியதால் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று அன்று உண்மையாகவே நம்பினேன்.

அடுத்த நாள் ஏகாம்பரத்துக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன். ஆர்டர் காகிதத்தை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக லேபுக்கு வந்தார்.

"நீயா எய்தினே?"

"ரிசல்ட் அப்படி வருதுண்ணே..."

"ரிசல்ட்டு வருது, சரி. நானு கலந்தத நீ பாத்தியா?"

நான் தராசின் மேல் மூடியை எடுத்தேன், மறுபடி மூடினேன். அவர் திரும்பிப் போய்விட்டார். இரண்டு வாரம் முடிந்த பிறகும் அவர் வேலைக்கு வரவில்லை.

4. நீல நூல்

பஞ்சு பிரிக்கப் புதிதாக ஓர் ஆபரேட்டர் வந்தார். பஞ்சில் கொட்டை நின்றது, வேகம் இல்லை. டிரையலுக்கு நாற்பது மெத்தை வேண்டும். தேதி நெருங்கியபோது இருபத்தெட்டுதான் தேறின.

லேப் மூலையில் ஒரு கட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். ஏகாம்பரம் பிரித்த சனிக்கிழமைப் பஞ்சில் செய்த மெத்தைகள், ரிஜெக்ட் என்று முத்திரை குத்தியவை. அதிலிருந்து பன்னிரண்டை எடுத்து, ஓரத்தில் நீல நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்தேன். எம்.டி.யிடம் சொல்லவில்லை. இந்தப் பன்னிரண்டையும் கடைசியாகப் போடலாம், அதற்குள் டிரையல் முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

துறைமுகத்தில் படகு ரிப்பேர் செய்யும் ஒரு மூலையில் ஏற்கெனவே கழிவு எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மிதவை கட்டி அடைத்திருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் ஓர் அதிகாரி வந்தார். எங்கள் வேன் டிரைவர் கட்டைப் பிரித்தபோது மேலே இருந்தவை நீல நூல் மெத்தைகள். வேனில் ஏற்றும்போது யாரோ கட்டைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரியின் ஆட்கள் முதல் ஆறு மெத்தைகளையும் எண்ணெயில் வீசிவிட்டார்கள்.

மூழ்கப் போகிறது என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கறுத்து, பன்றிக்குட்டிகள் மாதிரி கொழுத்து, ஆறும் மிதந்தன. அதிகாரி கொக்கியால் ஒன்றை இழுத்துப் பிழியச் சொன்னார். தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. எல்லா மெத்தையும் இதே மாதிரி வருமா?"

"கண்டிப்பா சார்," என்றார் எம்.டி. "முன்னாடி ராமெட்டீரியல்ல ஒரு பிரச்சினை இருந்தது. சரி பண்ணிட்டோம்."

வேனில் திரும்பும்போது எம்.டி.க்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? அந்த ஆளை எடுத்ததும் எல்லாம் சரியாயிடுச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மிதந்தவை அந்த ஆள் பிரித்த பஞ்சு. லேபில் மூழ்கி, ரிஜெக்ட் முத்திரை வாங்கிய லாட். அதே மெத்தை லேபில் மூழ்குகிறது, கடலில் மிதக்கிறது. அம்பத்தூருக்கு முன்னால் பாடி என்ற ஊர் வரும்வரை அதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன். மெத்தைமேல் தப்பு இல்லை என்று மட்டும் புரிந்தது. அப்படியானால் தப்பு எங்கே என்பது புரியவில்லை. ஏகாம்பரத்தைப் பற்றி அப்போதே எம்.டி.யிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், ரிஜெக்ட் மெத்தையை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்பார். சொல்லவில்லை.

5. குப்பம்மா லீவில் போனாள்

அக்டோபரில் லேபைப் பெருக்கித் துடைக்கும் குப்பம்மா பத்து நாள் லீவு கேட்டாள். மகளுக்குப் பிரசவம். அந்தப் பத்து நாளும் தொட்டி, கூடை, கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் நானே கழுவினேன்.

பத்து நாளும் எல்லா மெத்தையும் மூழ்கின. செவ்வாய், புதன், வியாழன் என்று வித்தியாசமே இல்லை. புது ஆபரேட்டர் பிரித்ததும் மூழ்கியது, மிச்சம் இருந்த நீல நூல் மெத்தையும் மூழ்கியது. எம்.டி. தினமும் வந்து கத்தினார். துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள்கள் நின்றுபோயின. வேலையை விட்டுவிடலாமா என்று அப்பாவிடம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

பதினோராம் நாள் குப்பம்மா வந்தாள். மறுநாள் மெத்தைகள் மிதந்தன.

அன்று நான் குப்பம்மாவைப் பார்த்த பார்வையில் அவள் பயந்தே போயிருப்பாள். ராசிக்காரப் பொம்பளை என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்லவில்லை. பிறகு ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி, லாட், ஆயில், தண்ணீர், ஈரம், வெப்பம், எல்லாம் அதில் இருந்தது. தொட்டியை யார் கழுவினார்கள் என்பது மட்டும் இல்லை.

"குப்பம்மா, இந்தத் தொட்டியை நீ எப்படிக் கழுவுவே?"

அவள் முகம் மாறியது. "இன்னாம்மா கேக்குறே? நல்லாத்தான் கய்வுறேன்."

"திட்டலை, சொல்லு."

முந்தானையை முறுக்கினாள். "நெசத்த சொன்னா கோச்சிக்காத. நானு எங்க கய்வுறேன்? வேஸ்ட் துணில சீமெண்ணெ தொட்டு ஒரு தொட தொடச்சி, வெயில்ல கவுத்து வெச்சிருவேன். இருக்குற ஒரு ட்ரம் தண்ணில இத்தினி சாமானும் எங்கம்மா கய்வுறது? நீதான் சனிக்கெயம ஆச்சின்னா சோப்புத் தூளு போட்டு நொர நொரயா கய்வுவே."

நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் போன பிறகு ஒரு மணி நேரம் இருந்து லேபைச் சுத்தம் செய்வது என் வழக்கம். கல்லூரியில் கற்ற ஒழுங்கு. தொட்டியையும் கம்பி வலைக் கூடையையும் சோப்புத் தூள் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்ப்பேன். ஜூலையில் எஸ்டேட்டுக் குழாய் வற்றி, தண்ணீர் லாரி வரத் தொடங்கியிருந்தது. அலச ஒரு மக் தண்ணீர்தான் செலவழிப்பேன். வலையின் கண்களில் சோப்பு அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கும். திங்கட்கிழமை காலை அந்தக் கூடையில்தான் முதல் சாம்பிள் இறங்கும். சோப்பு, மெழுகுப் பூச்சையும் தாண்டித் தண்ணீரைப் பஞ்சுக்குள் அனுப்பிவிடும். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைப்பதுதானே சோப்பின் வேலை. அது பி.எஸ்சி. முதல் வருடப் பாடம்.

அன்றே இரண்டு தொட்டி, இரண்டு கூடை வைத்துப் பார்த்தேன். நான் கழுவிய கூடையில் மூழ்கியது, குப்பம்மா துடைத்த கூடையில் மிதந்தது. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் அதே.

காரணம் கிடைத்ததில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கோ அழுகை வந்தது. குப்பம்மா தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, "இனிமே ஒயுங்கா கய்வுறம்மா" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

6. கரையான்சாவடி

எம்.டி. ஊரில் இல்லை. வர மூன்று நாள் ஆகும். முதலில் ஏகாம்பரத்திடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மேனாம்பேட்டில் அவர் வீட்டை விசாரித்துப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, கரையான்சாவடியில் மெத்தைக் கடையில் வேலை என்று மட்டும் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் பிடித்துக் கரையான்சாவடியில் இறங்கினேன். மெயின் ரோட்டுக் கடை ஒன்றின் பின்பக்கம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பஞ்சு மேகத்துக்கு நடுவில் அவர் கோலால் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோல் நின்றது.

"இன்னா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, சோப்பு, சனிக்கிழமை, குப்பம்மா லீவு, நீல நூல், ஒன்றையும் விடவில்லை. அவர் முதலில் குழம்பினார்.

"சோப்பா?"

"ஆமாண்ணே."

"பஞ்சுல ஒண்ணும் இல்லியா?"

"பஞ்சு சுத்தம். நான்தான் கூடையைச் சரியா அலசலை."

அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "அம்மாம் படிப்பு படிச்சிட்டு, ஒரு பாத்திரத்த அலச வரலியா உனுக்கு?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"என் பொண்ணுக்கு ஒரு எடத்துல பேசிகினு இருந்தோம். மாப்ள ஊட்டுக்காரன் எஸ்டேட்லதான் வேல செய்றான். பொண்ணோட அப்பன் கலப்படக்காரன்னு அவன் காதுல வியுந்துச்சி. அப்பால வரவே இல்ல. நானு எந்த மூஞ்சிய வெச்சிகினு போய்க் கேப்பேன்? நீ இங்க வந்து என்னாண்ட மட்டும் சொல்லிட்டா ஆச்சா?"

"நான் என்ன செய்யணும்ணே?"

"எய்தித்தான கெடுத்தே? எய்தித்தான் சரி பண்ணணும். கம்பெனி கேட்டாண்ட ஒட்டு. அத்தினி பேரும் படிக்கட்டும்."

7. எம்.டி. அறையில் இரண்டு தொட்டி

எம்.டி. திரும்பி வந்ததும் புது ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"துறைமுகத்துக்கு என்ன சொல்லியிருக்கோம்? ராமெட்டீரியல் பிரச்சினை, சரி பண்ணியாச்சுன்னு. இப்ப லேப்லதான் தப்புன்னு சொன்னா, நம்ம டெஸ்ட் எதையாவது நம்புவானா?"

"அப்ப ஏகாம்பரம் அண்ணன் சார்?"

"அவனுக்குத்தான் வேற வேலை கிடைச்சிடுச்சே."

வாதம் செய்யத் தெரியாதவள் நான். வெளியே போய்க் குப்பம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக இரண்டு தொட்டியையும் இரண்டு கூடையையும் தூக்கிவந்து எம்.டி. அறையில், அவருடைய கம்பளத்தின் மேல் வைத்தோம். அவர் தடுக்கவில்லை. ஆச்சரியத்தில் தடுக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரே மெத்தையை இரண்டாக வெட்டிப் போட்டேன். சோப்புக் கூடையில் இருந்த பாதி மூழ்கியது. மறு பாதி மிதந்தது. அவர் எழுந்துவந்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தானே இன்னொன்றை வெட்டிப் போட்டார். பிறகு கூடைகளை இடம் மாற்றிப் போட்டார். மூன்றாம் முறை கறுத்த கையோடு நிமிர்ந்தார்.

"ஏன் இதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினே? பாத்துட்டேன். இனிமே பாக்கலைன்னு சொல்ல முடியாது."

அன்று மாலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினோம். தவறு டெஸ்டிங் பிரிவினுடையது, ஏகாம்பரம் பிரித்த பஞ்சில் எந்தக் குறையும் இல்லை, சஸ்பென்ஷன் ரத்து, நின்ற நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று. கீழே எம்.டி.யுடையதும் என்னுடையதுமாக இரண்டு கையெழுத்து. துறைமுகத்துக்கும் கடிதம் போனது. பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. டெஸ்ட்டை எங்கள் ஆள் முன்னால் திரும்பச் செய்து காட்டுங்கள் என்று ஒரு வரி பதில் வந்தது. செய்து காட்டினோம்.

ஏகாம்பரம் நான்கு நாள் கழித்து வந்தார். சம்பந்தம் பேசிய வீட்டுப் பெரியவரையும் கையோடு கூட்டிவந்திருந்தார். கேட்டில் நின்று நோட்டீஸை அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே வந்து மெஷினை ஓட்டினார். அந்தக் கல்யாணம் தையில் நடந்தது, நானும் போயிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. மேடம் என்பார். அது மரியாதையா, தள்ளி வைத்ததா என்று அவர் ரிட்டயர் ஆகும்வரை எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

8. மூன்றாம் நாள்

இரண்டு வருடம் கழித்து, மழைக்காலத்தில், வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு அருகில் சரக்குப் படகு ஒன்று தரைதட்டி எண்ணெய் கசிந்தது. எங்கள் மெத்தைகள் லாரியில் போயின. நானும் ஏகாம்பரமும் கூடவே போனோம்.

முதல் நாள் மெத்தைகள் எண்ணெயை உறிஞ்சிய விதத்தைப் பார்த்து மீனவர்களே கைதட்டினார்கள். இரண்டாம் நாள் புயல் சின்னம், கடலில் இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் எண்ணெய் கறுப்பாக இல்லை. செம்மண் நிறத்தில், கெட்டித் தயிர் மாதிரி, அலையோடு தளதளத்துக்கொண்டிருந்தது. மெத்தைகளைப் போட்டோம். அதன் மேலேயே கிடந்தன. ஒரு சொட்டுகூட உள்ளே இழுக்கவில்லை.

ஏகாம்பரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி திரும்பிப் பார்த்தார். "இன்னா மேடம் இது?"

"தெரியலைண்ணே."

மீனவர்கள் வாளியும் தகர டின்னும் கொண்டுவந்தார்கள். அதை மொண்டுதான் எடுக்க வேண்டியிருந்தது. பெண்கள் கரையில் வரிசையாக நின்று டின்களைக் கைமாற்றினார்கள். நானும் அந்த வரிசையில் நின்றேன். சாயங்காலத்துக்குள் கரை முக்கால்வாசி சுத்தமானது. எங்கள் மெத்தைகள் ஒரு ஓரத்தில், வெள்ளையாக, அடுக்கியபடியே இருந்தன.

ஆபீஸ் வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். பழைய எண்ணெயாக இருக்கலாம், மழை காரணமாக இருக்கலாம், மெத்தை நனைந்திருக்கலாம் என்று நிறைய 'இருக்கலாம்' மனதில் வரிசை கட்டி வந்தன. எதையும் எழுதவில்லை. என்ன பார்த்தோமோ அதை மட்டும் எழுதி, கடைசியில், 'காரணம் எனக்குத் தெரியவில்லை' என்று முடித்தேன்.

எம்.டி. படித்துவிட்டு முகம் சுளித்தார். "லேப் இன்சார்ஜ் தெரியலைன்னு எழுதலாமா?"

"தெரியலை சார். கண்டுபிடிக்க நாள் வேணும்."

நாலு மாதம் ஆயிற்று. அலையில் புரண்ட எண்ணெய் தண்ணீரை உள்ளே வாங்கி வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது, அதை எந்தப் பஞ்சும் குடிக்காது என்று வாளியில் நாள்கணக்கில் கடைந்து கடைந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் மெத்தைப் பெட்டியில் அதன் பிறகு ஒரு வரி அச்சடித்தோம்: எண்ணெய் கொட்டிய முதல் நாளிலேயே பயன்படுத்தவும்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ரிசல்ட் புரியாதபோது மனசு அவசரப்படும். மேலிருப்பவர்கள் அதைவிட அவசரப்படுவார்கள். அந்த அவசரத்தில் கண்ணுக்கு முதலில் படுவது எதிரே நிற்கும் ஒரு மனிதன்தான். அந்த நேரத்தில் தெரியவில்லை என்று எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே எழுதிவிடுங்கள்.